தூங்காத தொட்டி

நோல்ஃபா யெவெனெஸ் ஒரு பயந்தாங்கொள்ளி. அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டே இதைச் சொல்வேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். பஸ் வளைவில் கொஞ்சம் சாய்ந்தால் முன்சீட்டுக்காரனின் தோளைப் பிடித்துக்கொள்வாள், அவன் யாராக இருந்தாலும் சரி. எங்கள் பக்கத்தில் பூமி ஆடுவது புதிதல்ல. ஆடி முடிந்ததும் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வோம். அவள் மட்டும் செருப்பை வாசல் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுப்பாள்.

இத்தனைக்கும் மேலே பெரிய பயம் ஒன்று இருந்தது. திராட்சைச் சாறு பொங்குகிற தொட்டியைக் கண்டால் அவளுக்குக் கை கால் உதறும். அப்படிப்பட்டவள் எங்கே வேலை பார்த்தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மௌலே ஆற்றுக்குத் தெற்கே, வானம் பார்த்த கொடிகளுக்கு நடுவே இருக்கிற ஒரு ஒயின் கிடங்கில். வேறு எங்கே போவாள்? எங்கள் பக்கம் திராட்சையை விட்டால் பைன் மரம் வெட்டுகிற வேலைதான். மரம் மேலே விழுந்துவிடும் என்று அதற்கும் பயம்.

நான் எல்சீரா. அதே கிடங்கின் சமையற்கட்டில் அறுவடைக்காலம் முழுக்கப் பானை கிண்டுகிறவள். எனக்கு உடம்பும் பெரிது, வாயும் பெரிது. இரண்டுமே இந்தக் கதையில் உதவியிருக்கின்றன, அதனால் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நோல்ஃபாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா கஸ்பாரும் சித்தப்பாவும் இதே தொழிலில் இருந்தவர்கள். அவள் சின்னப்பெண்ணாக இருந்தபோது, பொங்கி முடிந்த தொட்டியில் சக்கையை அள்ளச் சித்தப்பா இறங்கினார். இறங்கியவர் சற்று உட்கார்ந்தார், பிறகு அப்படியே சாய்ந்தார். சாறு பொங்கும்போது கிளம்புகிற கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, சத்தமும் இல்லை. காற்றைவிடக் கனமானது. பள்ளம் எங்கே என்று தேடிப் போய்த் தேங்கும். அதற்குள் போனவன் இரண்டு மூச்சு இழுப்பான், மூன்றாவதை இழுக்க அவன் இருக்கமாட்டான். தம்பி சாய்ந்ததைப் பார்த்த கஸ்பார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குதித்தார்.

ஊரே அவருடைய தைரியத்தைப் பாராட்டியது. பாதிரியார் பாராட்டினார். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாராட்டினார். நோல்ஃபாவின் அம்மா மட்டும் இரண்டு சவப்பெட்டிக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒருமுறையும் அந்தப் பக்கம் ஒருமுறையும் திரும்பிக்கொண்டிருந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் கிடங்கில் மெழுகுவர்த்திப் பழக்கம் வந்தது. தொட்டிகளின் வரிசைக்கு முன்னால் தரையில் ஒரு ஆழமான குழி உண்டு. பம்பும் வடிகால் குழாய்களும் அதற்குள் இருக்கும், இறங்குவதற்கு இரும்பு ஏணி. குழியோரச் சுவரில் ஒரு தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி, டப்பாவுக்கு ஒரு கயிறு. மனுஷன் இறங்குவதற்கு முன்னால் மெழுகுவர்த்தி இறங்க வேண்டும். அது அணையாமல் அடிவரை போனால் நீயும் போகலாம். அணைந்தால் மேலேயே நில்.

ஆனால் எந்தக் கட்டுப்பாட்டையும் நாலு அறுவடைக்குள் தேய்த்துச் சின்னதாக்கிவிடுவதுதானே எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. பொங்குகிற தொட்டி இருந்தால் மெழுகுவர்த்தி வேண்டும், தூங்குகிற தொட்டிக்கு வேண்டாம் என்று ஆக்கிக்கொண்டார்கள். பொங்காத தொட்டி வாயுவை விடாது, அதனால் பயமில்லை. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நோல்ஃபாவின் வேலை தொட்டிப் பக்கம் அதிகம் இல்லை. லொரேத்தோ என்று ஒரு பெண், தால்கா பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட் பற்றியே படித்தவள், கிடங்கின் ஒயினுக்குப் பொறுப்பு. அவளுடைய சோதனை அறையில் குடுவை கழுவுவதும், ஒவ்வொரு தொட்டியின் குழாயிலிருந்தும் மாதிரி பிடித்து வருவதும் நோல்ஃபாவின் பாடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவாள், பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவாள், முற்றத்தில் நின்று மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுவாள்.

அவளுடைய புருஷன் ஒனோஃப்ரே அதற்கு நேர் எதிர். தொட்டிகளுக்கு மேஸ்திரி. காலையில் விசில் அடித்துக்கொண்டு வருவான், மாலையில் விசில் அடித்துக்கொண்டு போவான். "என் பொண்டாட்டி காத்தையே சந்தேகப்படுறவ. என்னை எப்படித்தான் நம்பிக் கட்டிக்கிட்டாளோ!" என்று எல்லோர் முன்னாலும் சொல்வான். சொல்லிவிட்டு, தட்டில் இருக்கிற கறித்துண்டை எடுத்து அவள் தட்டில் வைப்பான். அவர்களுக்கு ஒரே மகன், தாரியோ. அப்பாவுக்குக் கீழேயே வேலை பார்த்தான். அப்பாவின் தோள், அப்பாவின் விசில், அம்மாவின் பயத்தில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அதுவே அவளுக்குத் தீராத கவலை.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மேட்டு நிலத்துக் கிழட்டுக் கொடிகளிலிருந்து வந்த பழம் சின்னதாக, வெல்லமாக இருந்தது. அந்தச் சாற்றை மூலைத் தொட்டியில் நிரப்பினார்கள். மற்ற தொட்டிகள் அதற்குள் பொங்கி முடிந்திருந்தன. முதலில் ஆரவாரமாகத்தான் பொங்கியது. பிறகு சத்தம் குறைந்தது, பிறகு முணுமுணுத்தது, பிறகு நின்றேவிட்டது. நின்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. அழுகிய முட்டை நாற்றம் கிளம்பி என் சமையற்கட்டுவரை வந்தது.

"எல்சீராக்கா, இன்னிக்கு என்ன விசேஷம்? முட்டைய எந்த வருஷத்துல வாங்கினே?" என்று தாரியோ மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"உன் ஞானஸ்நானத்துக்கு வாங்கினதுடா, மீந்துபோச்சு. உட்காரு, திங்கலாம்."

எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டிருந்தார்கள். அவரையும் பூசணியும் சோளமும் போட்டுச் செய்த குழம்பு, சாம்பலில் சுட்ட ரொட்டி. லொரேத்தோ தட்டைத் தொடாமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தம் ஏன் வருது தெரியுமா? ஈஸ்ட்டுக்குப் பசி" என்றாள்.

"பசியா? அதான் சாறு முழுக்கச் சர்க்கரை இருக்கே மேடம்" என்றேன். சாப்பாட்டு விஷயம் என்றால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

"வெறும் சர்க்கரையத் தின்னு உங்களால இருக்க முடியுமா எல்சீரா? உடம்பு கட்டுறதுக்கு நைட்ரஜன் வேணும். மழையில்லாத வருஷம், பழத்துல அது இல்லை. அதுக்குப் புடிச்சது அமோனியா. அது கிடைக்கிற வரைக்கும் வேற எதையும் தொடாது. மத்த சாப்பாட்ட உள்ள கொண்டுவர்றதுக்குத் தனித்தனியா வாசல் இருக்கு. அந்த வாசலைக் கட்டுற ஜீனையெல்லாம் அணைச்சே வெச்சிருக்கும். வேண்டாததுக்கு எதுக்கு உழைக்கணும்னு."

"கெட்டிக்காரக் கழுதை" என்றான் ஒனோஃப்ரே.

"அமோனியா தீந்ததும் நெலமை மாறும். அந்த ஜீன்களை முடுக்கிவிடுற புரதம் ரெண்டு மூணு இருக்கு. நல்ல சாப்பாடு இருக்கிற வரைக்கும் செல்லு அதைக் கட்டிப்போட்டு, ஜீன் இருக்கிற அறைக்கு வெளியவே உட்கார வெச்சிருக்கும். பசி வந்தா கட்டு அவுந்துடும். அது நேரா உள்ள ஓடி, ஜீனையெல்லாம் எழுப்பும். ஒவ்வொரு வாசலா திறக்கும்."

நோல்ஃபா கரண்டியைக் கீழே வைத்தாள். "நாயைக் கட்டிப்போட்டு, பசிக்கிறப்போ அவுத்து விடுற மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று லொரேத்தோ சிரித்தாள்.

"அப்ப மூலைத் தொட்டி? அது தூங்குதுன்னுதானே சொல்றாங்க?"

"தூங்கலை நோல்ஃபா. அமோனியா வாசல் உள்பட எல்லா வாசலையும் திறந்து வெச்சிட்டுக் காத்துக்கிட்டு நிக்குது. சாப்பாடு கண்ணுல படணும், அவ்வளவுதான்."

நோல்ஃபாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள், சிரித்தார்கள். தாரியோ அவளுடைய காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாக ஊளையிட்டான். ஒனோஃப்ரே, "ஏய், விடுடா அவளை" என்று சொன்னானே தவிர, அவனுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் லொரேத்தோ டி.ஏ.பி.யைக் கரைக்கச் சொன்னாள். அமோனியா சேர்ந்த உரம்; வயலுக்குப் போடுகிற அதே சரக்கு, சுத்தம் செய்தது. அப்படியே கொட்டினால் தொட்டி நுரைத்துக் கூரையைத் தொடும் என்பதால், சாற்றில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். தாரியோ ஊற்றினான், ஒனோஃப்ரே கலக்கினான். லொரேத்தோ பக்கத்திலேயே நின்று பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மேட்டு நிலத்தில் இன்னும் ஒரு துண்டு பறிக்காமல் கிடந்தது. அதைப் பார்க்க லொரேத்தோ வண்டியில் ஏறினாள். ஏறும்போது, "நான் வர்ற வரைக்கும் குழிக்குள்ள யாரும் இறங்கவேண்டாம். சாயங்காலத்துக்குள்ள அது எழுந்துடும்" என்றாள்.

"சரி மேடம்" என்றான் ஒனோஃப்ரே. அவன் பொய் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் என்றால் சாயங்காலம்தான், அதுவரை தொட்டி தூங்கும் என்று எடுத்துக்கொண்டான். அவன் வாழ்நாளில் பார்த்த தொட்டியெல்லாம் அடுத்த நாள்தான் எழுந்திருக்கிறது.

வெயில் கொளுத்தியது. கிடங்குக்குள் சூடு ஏறக்கூடாது என்று பெரிய கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் நோல்ஃபாவும் முற்றத்து வால்நட் மரத்தடியில் உட்கார்ந்து அடுத்த நாளுக்கு அவரை உரித்தோம். அவள் கை உரித்தது, கண் கதவின் மேலேயே இருந்தது.

"வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதாமே, எல்சீராக்கா."

"நானும் தினமும் மத்தியானம் அப்படித்தான் நிக்கிறேன். என்னைப் பார்த்து யாராவது பயந்தாங்களா?"

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் ஏனோ மேற்கொண்டு கிண்டல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. கதவின் கீழ்ச்சந்து வழியாக அந்த முட்டை நாற்றம் வந்தது, முன்பைவிட இரண்டு மடங்கு. மூச்சு முட்டியது. தொட்டி வாயுவைத் தள்ளத் தொடங்கினால் உள்ளே தேங்கிய நாற்றத்தையும் சேர்த்துத்தான் தள்ளும் என்று எனக்குப் பிற்பாடு சொன்னார்கள். அப்போது எனக்கு நாற்றம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. நோல்ஃபா மடியில் இருந்த அவரையெல்லாம் சிதற எழுந்துவிட்டாள்.

தாரியோ குழாயடியில் கூடை கழுவிக்கொண்டிருந்தான்.

"உங்கப்பா எங்க?"

"குழில. பம்பு வால்வு ஒழுகுதுன்னு பாக்கப் போனாரு."

"மெழுகுவத்தி எறக்கினாரா?"

"தூங்குற தொட்டிக்கு எதுக்கும்மா மெழுகுவத்தி? நீ வேற."

அவள் ஓடினாள். நோல்ஃபா மூச்சைப் பிடிக்காமல் கிடங்குக்குள் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். உள்ளே மூலைத் தொட்டி கொளகொளவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேல்வாய் வழியாக இளஞ்சிவப்பு நுரை வழிந்து சுவரெல்லாம் இறங்கியிருந்தது. யாருமே இல்லாத இடத்தில் யாரோ சாப்பிடுகிற சத்தம் அது.

"ஒனோஃப்ரே!"

குழியின் விளிம்பில் மண்டியிட்டு டார்ச் அடித்தாள். ஏணியின் அடியில் அவனுடைய ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. வால்வுச் சாவி கையிலிருந்து நழுவிக் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது.

மெழுகுவர்த்தி டப்பா ஆணியிலேயே தொங்கியது. அவள் அதை எடுத்துப் பற்றவைத்தாள். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. கயிற்றை விட்டாள். ஏணியின் பாதியைத் தாண்டுவதற்குள் சுடர் சுருங்கி அணைந்துபோயிற்று. மேலே புகைகூட வரவில்லை.

தாரியோ அதற்குள் வந்துவிட்டான். அப்பாவின் பூட்ஸைப் பார்த்தான். "அப்பா!" என்று ஒரு கத்து. ஒரு கால் ஏணியில். நோல்ஃபா அவனுடைய பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"விடும்மா!"

"போகாதே."

"அங்க அப்பா கெடக்கிறாரும்மா! மூச்ச அடக்கிக்கிட்டு ஒரே நிமிஷம். எறங்கி, தூக்கி, மேல வந்துடுவேன். விடு!"

"எங்கப்பாவும் தம்பியத் தூக்கத்தான் குதிச்சாரு. போகாதே."

அவன் அவளை உதறினான். காளைமாட்டு உடம்பு. சுவரில் போய் மோதினாள், பெல்ட்டை விடவில்லை. அவன் அவளுடைய விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தான். அவள் அவனுடைய கையைக் கடித்தாள். ரத்தம் வர, எலும்பு தட்டுப்படக் கடித்தாள்.

"கோழை! பயந்தாங்கொள்ளி! உன் பயத்துக்கு எங்கப்பாவைச் சாகவிடுவியா?" என்று அலறினான். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"எல்சீராக்கா!" என்றாள் அவள், பல் அவன் கையில் இருக்கும்போதே.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஆயுதம். அதைப் பிரயோகித்தேன். அவன் மேலே விழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் எனக்குக் கீழே துடித்தான், குத்தினான், என் அம்மாவையும் பாட்டியையும் இழுத்துத் திட்டினான். அழுதான். நானும் அழுதேன். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நோல்ஃபா நிற்கவில்லை. அழுத்தக்காற்று எந்திரத்தை முடுக்கி அதன் குழாயைக் குழிக்குள் விட்டாள். பின்கதவைத் திறந்தாள். சக்கை இழுக்கிற நீளமான கொக்கிக் கழியை எடுத்து, விளிம்பில் குப்புறப் படுத்து, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கழியைக் கீழே விட்டாள். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவியது. "வாடா வாடா வாடா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக அவனுடைய மேலங்கிப் பட்டையில் கொக்கி மாட்டியது. அப்போதுதான் நான் தாரியோவை விட்டு எழுந்தேன். கூச்சல் கேட்டுப் பழம் பறிக்கிற பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தோம். தாரியோவும் இழுத்தான். அவன் கையிலிருந்து ரத்தம் கழி வழியாக ஒழுகியது.

ஒனோஃப்ரேயை முற்றத்துக்குத் தூக்கிவந்து மரத்தடியில், சிதறிய அவரைக்கு நடுவில் கிடத்தினோம். அதே நேரம் லொரேத்தோவின் வண்டியும் வந்தது. ஓடி வந்து அவன் நெஞ்சை அழுத்தினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். பிறகு டவுன் தீயணைப்புக்காரர்கள் வந்து அவர்களும் அழுத்தினார்கள். வாய் பாதி திறந்து, இப்போதுதான் ஏதோ ஜோக் சொல்லி முடித்தவன்போல இருந்தான். தீயணைப்புக்காரர்களில் மூத்தவர் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். நோல்ஃபா அவரைப் பார்க்கவே இல்லை. திரும்பித் தாரியோவைப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை, மூச்சு வருகிறதா என்று பார்ப்பதைப்போல.

அடக்கத்தன்று காலையில் வீடு நிறைந்திருந்தது. பெண்கள் ஜெபமாலை உருட்டினார்கள், உருட்டிக்கொண்டே கிசுகிசுத்தார்கள். மகனைக் கடித்தாளாமே. புருஷன் கீழே கிடக்கும்போது மேலேயே நின்றாளாமே. கஸ்பார் எப்பேர்ப்பட்ட ஆள், அவருக்கு இப்படி ஒரு மகளா. நான் காபி கொடுக்கிற சாக்கில் ஒருத்தியின் மடியில் பாதிக் காபியைக் கொட்டினேன். தெரியாமல் கொட்டியது என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள்.

லொரேத்தோ வந்து நோல்ஃபாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "நான் போயிருக்கக் கூடாது" என்றாள். நோல்ஃபா அவளுடைய தலைமேல் கை வைத்தாள். "நீங்க சொல்லிட்டுத்தான் போனீங்க. அது தூங்கலை, காத்துக்கிட்டு நிக்குதுன்னு சொன்னீங்க. கேட்டுட்டு நாங்கதான் சிரிச்சோம்" என்றாள். அன்றைக்கு மேசையில் அவள் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அதை அவள் சொல்லவும் இல்லை.

தாரியோ உள்ளே வரவில்லை. கட்டுப்போட்ட கையோடு கோழிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தான். சவப்பெட்டியை மூடப்போகிறார்கள் என்று கூப்பிட நோல்ஃபா போனாள். விழுந்துவிடுவாளோ என்று நானும் கூடப் போனேன்.

அவன் நிமிராமலே சொன்னான்: "நீ விட்டிருந்தா அவரை மேல கொண்டுவந்திருப்பேன்."

"இருக்கலாம்."

"ஒரே நிமிஷம்தான்மா. நீதான் விடலை."

"தாரியோ, எங்கம்மா ரெண்டு பெட்டிக்கு நடுவுல உட்கார்ந்திருந்தா. எந்தப் பக்கம் திரும்பி அழறதுன்னு அவளுக்குத் தெரியலை. சாகிற வரைக்கும் தெரியலை. எனக்கு இன்னிக்கு ஒரு பக்கம்தான்." கோழிக்கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்னை வெறுக்கணும்னா வெறுத்துக்கோ. நல்லா வெறு. உயிரோட இருந்து வெறு."

அவன் எழுந்து உள்ளே போய் அப்பாவின் பெட்டியைத் தோளில் தூக்கினான். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை. குளிர்காலம் முழுக்க, அதற்குப் பிறகும், ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பில் குளிர்காய்ந்துகொண்டு, பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்வான். அவள் அவனுடைய தட்டில் கறித்துண்டு வைப்பாள், அவன் அதை ஓரமாக ஒதுக்குவான். நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவனைத் திட்டப் போனேன். "வேண்டாம் எல்சீராக்கா. ஒதுக்குறதுக்கு ஆள் இருக்கானே" என்று நோல்ஃபா என்னைத் தடுத்துவிட்டாள்.

மூலைத் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நன்றாக ஆயிற்று. கொடுத்ததையெல்லாம் தின்றுவிட்டு, நாற்றமும் போய், அருமையான ஒயினாக முடிந்தது. முதலாளி அதைத் தலைநகரத்துக்கு விற்றார். எங்கள் ஊரில் ஒருத்தரும் அதைத் தொடவில்லை.

அடுத்த அறுவடை வந்தது. முதல் பழம் வருவதற்கு முன்னால் குழியைக் கழுவி, பம்பைச் சரிபார்க்க வேண்டும். மேஸ்திரி வேலை இப்போது தாரியோவுடையது. நோல்ஃபா சோதனை அறைக்குத் திரும்பி வந்திருந்தாள். வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். "பயமா இல்லையாடீ?" என்று கேட்டேன். "இருக்கு. வீட்டுல உட்கார்ந்தா இன்னும் ஜாஸ்தியா இருக்கு" என்றாள்.

கிடங்கில் ஒரு சொட்டுச் சாறு கிடையாது. தொட்டிகள் பல மாதமாகக் காய்ந்து கிடந்தன. அப்படியும் தாரியோ ஆணியிலிருந்து டப்பாவை எடுத்து மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தான். மெல்ல இறக்கினான். சுடர் அடிவரை போய் நிம்மதியாக எரிந்தது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நோல்ஃபா கதவோரம் மாதிரிக் குடுவைகளை மார்போடு அணைத்தபடி நின்றாள். குடுவைகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

தாரியோ ஒரு கனமான கயிற்றை எடுத்தான். ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினான். அவனுடைய கையில் பல் பதிந்த தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். நான் இருந்தேன், என்னை அசைக்க இரண்டு மாடு வேண்டும், நியாயமாகக் கயிற்றை நான்தான் பிடிக்க வேண்டும். வேறு இரண்டு பலமான ஆட்களும் இருந்தார்கள். அவன் நேராக அம்மாவிடம் போய், குடுவைகளை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, கயிற்றை அவள் கையில் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. ஏணியில் இறங்கிவிட்டான்.

அவள் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காலைச் சுவரில் உதைத்து நின்றாள். அவன் தலை மறைந்தது. பம்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது.

"அம்மா, கயித்த இப்படி இழுத்துப் புடிக்காத. மூச்சு முட்டுது."

ஒரு வருஷத்துக்குப் பிறகு மகன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. நோல்ஃபாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய்விட்டு அழுதாள். கயிற்றை மட்டும் தளர்த்தவில்லை.